காற்றுள்ளபோது தூற்றக் கூடாத ஊர்

வின்னிபெக், கனடா,
தை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் நலந்தானே?

முந்தாநாள் வீடியோவில் நான் வாசலில் பனி தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு ஆள் வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் காற்றில் நான் கத்தியது உங்கள் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் போனில் சொல்லித் தீருகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் நிதானமாகப் படியுங்கள்.

ஆள் கிடைக்காமல் இல்லை. ஆனால் ராத்திரி பனி கொட்டினால் விடிகாலையில் ஊர் முழுக்க அதே ஆளைத்தான் தேடும். நடவு நேரத்தில் ஒரே வாரத்தில் எல்லோரும் ஆளுக்கு அலைவோமே, அந்தக் கதைதான். அவர் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. வழிக்காத பனிமேல் கார் சக்கரம் ஒரு தடவை ஏறிவிட்டால் அது அமுங்கிப் பனிக்கட்டியாகிவிடும். அப்புறம் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி. உங்கள் மாப்பிள்ளை லாரியோடு ரெஜைனா பக்கம் போயிருந்தார். வேறு வழி?

முதலில் இந்தப் 'பனி' என்கிற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்லும் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும். இங்கே பனி என்பது அள்ளுகிற பொருள். மைனஸ் 25-இல் விழும் புதுப்பனி சீனி மாதிரி உலர்ந்து கிடக்கும், மிதித்தால் கிறீச் கிறீச் என்று கத்தும். ஒரு சாண் உயரம் கிடந்தாலும் உருக்கினால் ஒரு விரல்கடைத் தண்ணீர்தான் தேறும், அவ்வளவு லேசு. ஈழத்து அக்கா ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார், அவர் "ஸ்நோ கொட்டுது, தள்ளியாச்சோ?" என்று கேட்பார். அந்தத் 'தள்ளுதல்' சரியான சொல். லேசான பனியைத் தூக்கக் கூடாது, அகலமான பிளாஸ்டிக் ஷவலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

காற்று அடித்த பனி வேறு ஜாதி. காற்று அதை உருட்டிப் பொடித்து நெருக்கி வைத்துவிடும். கோடையில் காய்ந்த களிமண் வயலை வெட்டுகிற மாதிரி பாளம் பாளமாக வெட்டித்தான் எடுக்க முடியும்.

அன்று காலை அந்த இரண்டும் சேர்ந்திருந்தது. மைனஸ் 25, மணிக்கு 30 கிலோமீட்டர் வாடைக்காற்று. இரண்டையும் சேர்த்து உடம்புக்கு மைனஸ் 39 மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்துபோகும். மூச்சு இழுத்தால் மூக்குக்குள் முடி ஒட்டிக்கொள்ளும். கண்ணிமை பிசினாகும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறை இதற்கு ஆகாது, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை மாதிரியானதுதான் சூடு தாங்கும்.

வாசலிலிருந்து தெரு வரை காரை நிறுத்தும் பாதைக்கு டிரைவ்வே என்று பெயர். எங்களுடையது இரண்டு கார் அகலம், தெருவிலிருந்து கிழக்கே போகும். வடக்குப் பக்கம் எங்கள் புல்தரை நிறைய இடமாகக் கிடக்கிறது. தெற்கே ஒரு முழம்தான், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நிலம். இடம் இருக்கிறதே என்று வடக்கே வீசினேன். வீசியது அத்தனையும் என் முகத்துக்கே திரும்பி வந்தது. நாலைந்து தடவை வீசியும் புத்தி வரவில்லை. கழுத்துக்குள் பனி இறங்கினபோதுதான் களம் ஞாபகம் வந்தது.

பொலி தூற்றுவதற்கு முன்னால் ஒரு பிடி பதரை எடுத்துக் கீழே விட்டுப் பார்ப்பீர்களே. எந்தப் பக்கம் பறக்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று. நானும் ஒரு பிடி பனியை எடுத்து விட்டேன். நேராகத் தாத்தா வீட்டுப் பக்கம் போனது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை இந்த ஊரில் திருப்பித்தான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காற்று அடங்கினால்தான் நல்லது. அடங்காவிட்டால் அது போகிற பக்கமே போக வேண்டும்.

ஆனால் அடுத்தவர் எல்லைக்குள் கொட்டுவதா? வரப்பில் ஒரு கொத்து மண் தள்ளிவிட்டதற்கே நம் தெருவில் எத்தனை பஞ்சாயத்து பார்த்திருக்கிறேன். தாத்தா தன் ஸ்நோ புளோயரை ஓட்டிக்கொண்டிருந்தார், பனியை வாரிக் குழாய் வழியாக எறியும் பெட்ரோல் மிஷின். சைகையில் கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு வந்து, இந்தப் பக்கமே போடு, அந்தப் பக்கம் குவித்தால் நாளைக்கு இரண்டு மடங்கு வேலை என்றார். அவருடைய பெற்றோர் உக்ரைனிலிருந்து வந்து இங்கே கோதுமை பயிரிட்டவர்கள். காற்று வரும் பக்கம் பனியைக் குவித்தால் அந்தக் குவியல் வேலி மாதிரி நின்று காற்றின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்த காற்று தூக்கி வந்த பனியை வேலிக்கு மறுபக்கம், அதாவது நம் பாதையிலேயே, போட்டுவிடும். இங்கே வயல்களில் வேண்டுமென்றே மரம் வரிசையாக வைத்து அப்படிப் பனியைப் பிடித்து வைப்பார்களாம், வசந்தத்தில் நிலத்துக்கு ஈரம் கிடைக்க.

அதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். தண்ணீர் ஓட்டம் குறைகிற இடத்தில் வண்டல் படியும் என்று வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கூட்டிப்போய் எனக்குக் காட்டியது நீங்கள்தானே. நாணல் புதர் ஒன்று வாய்க்காலில் முளைத்தால் அதன் பின்னால் மணல் திட்டு சேருமே, அதே கணக்கு. எங்கள் காருக்குப் பின்னால் காற்று மறைவில் முழங்கால் உயரத்துக்குத் திட்டு இருந்ததன் காரணமும் அப்போது விளங்கியது. வடக்கு ஓரத்தில் ஆரம்பித்துத் தெற்கே தள்ளிக்கொண்டே வந்தேன். ஒழுங்காகப் போனது.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா, கோபமாக இருக்கிறதா தெரியவில்லை. நம் வீட்டில் மண்வெட்டியை என் கையில் கொடுத்ததே இல்லை. தம்பிக்குத்தான் கொடுத்தீர்கள், அவன் இப்போது சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். நீங்களும் தூற்றி எத்தனை வருஷமாயிற்று? அறுவடை மிஷின் வயலிலேயே எல்லாம் முடித்துவிடுகிறது. நான் இங்கே வந்து தூற்றிக்கொண்டிருக்கிறேன்.

முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று திரும்பினால், தெருவை வழிக்கும் பெரிய வண்டி வந்தது. தெருவைச் சுத்தமாக வழித்து, வழித்ததில் ஒரு பங்கைச் சரியாக எங்கள் டிரைவ்வேயின் வாயில் இடுப்பு வரை கட்டிவிட்டுப் போனது. தூர்வார வந்த பொக்லைன் நம் மடை வாயில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனபோது நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதைத்தான் நானும் சொன்னேன். தாத்தாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லது. அது கல் கல்லாக இருக்கும் அப்பா. ஷவல் நிறைய எடுத்தால் முதுகு போய்விடும், பாதிதான் எடுக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும்போது இப்படி மூச்சுப் பிடித்துத் தூக்கினால் வயதானவர்களுக்கு மாரடைப்பே வரும் என்று குளிர்காலம் தோறும் எச்சரிப்பார்கள். அதனால் தாத்தாவைக் கையால் எடுக்க விடவில்லை. மிஷினால் முடிந்ததை அவர் எடுத்தார், மீதி நான்.

கடைசியில் வழுக்காமலிருக்க மணல் தூவ வேண்டும். உப்பு போடலாம், ஆனால் இந்தக் குளிரில் உப்பு வேலை செய்யாது. அதனால் மணலை மூட்டையாகக் கடையில் வாங்குகிறோம். கொள்ளிடக்கரை ஜில்லாவிலிருந்து வந்தவள் மணலுக்கு பில் போட்டு வாங்குகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது விட்டுவிடுங்கள். தொப்பி ஒதுங்கி வலது காது மடல் வெளியே இருந்திருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் மெழுகு மாதிரி வெளுத்து, தொட்டால் உணர்வே இல்லை. தேய்க்கக் கூடாது, தைலம் போடக் கூடாது. வெதுவெதுப்பான துணியை ஒற்றி வைத்திருந்தேன். உணர்வு திரும்பும்போதுதான் வலி உயிர் போயிற்று. இப்போது ஒன்றுமில்லை, கொஞ்சம் தோல் உரிகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு பனியும் உருகி எங்கே போகும் என்று போன வருஷம் கேட்டீர்கள். இங்கே ஓடும் ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுவது. தெற்கே முதலில் உருகி வெள்ளம் வரும், வடக்கே இன்னும் உறைந்தே கிடக்கும். போக வழியில்லாமல் தண்ணீர் ஊருக்குள் ஏறும். 1950-இல் அப்படி ஏறியபிறகு, வெள்ளத்தை ஊரைச் சுற்றிக் கொண்டுபோக 47 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள், 1968-இல் முடிந்தது. அப்போதைய முதல்வர் டஃப் ராப்ளினின் பெயரை வைத்து 'டஃபின் பள்ளம்' என்று கேலி செய்தார்களாம். 1997-இல் பெருவெள்ளம் வந்தபோது ஊரைக் காப்பாற்றியது அந்தப் பள்ளம்தான். காவிரி வெள்ளத்தை வாங்கிக்கொள்ள நமக்குக் கொள்ளிடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பா அறுத்தாயிற்றா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்றதா, இல்லை மறுபடியும் களத்தில் கொட்டிக் காய வைக்கிறீர்களா? ராத்திரி தார்ப்பாய் போட நீங்களே ஓடாதீர்கள். நீங்களும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கின் கீழ் மறுபடியும் குறுக்காகப் பறக்கிறது. காரின் என்ஜின் உறையாமலிருக்க அதிலுள்ள ஹீட்டரை ராத்திரி முழுக்க பிளக்கில் சொருகி வைக்க வேண்டும், அதை மறந்துவிட்டேன். கோட்டு மாட்டிக்கொண்டு போய்ச் சொருகிவிட்டு வருகிறேன். காதை மூடிக்கொண்டுதான்.

உங்கள் அன்பு மகள்