மஸ்கட்டில் இருக்கும் மக்காவுக்கு, பெரிய டயர் விஷயமாக

மக்கா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பிக்கப்புக்கு 33 இன்ச் டயர் போடப்போகிறாய், கூடவே ஸ்டீயரிங்கை லேசாக்க ஆயில் தள்ளும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் பெரிதாக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் நீ சிரித்துக் கெடுப்பாய், அதனால் எழுதுகிறேன். அந்த வேலையில் பணமும் மானமும் போனவன் நான்தான்.

போன வருஷம் ஆனி மழைக்கு முன்னால் நம் பழைய பிக்கப்பில் 31 இன்ச் டயர் மாட்டினேன். பேச்சிப்பாறைப் பக்கம் மேட்டில் இருக்கும் ரப்பர் விளை உனக்குத் தெரியுமே, அந்தச் செம்மண் பாதையில் ஒட்டுப்பால் மூட்டையோடு ஏறி இறங்குவதே பெரும்பாடு. பழசு 235/75 ஆர் 15, உயரம் 733 மில்லிமீட்டர். புதுசு 787. கணக்குப் பார்த்தால் வண்டி உயர்ந்தது வெறும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் அகலமும் 30 மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. அதோடு நிறுத்தினேனா, கெத்தாக இருக்கட்டும் என்று டயர் ஒரு இன்ச் வெளியே தள்ளி நிற்கும் ரிம்மையும் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் வடசேரிச் சந்தையில் ரிவர்ஸ் எடுக்கப் போனபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. ஸ்டீயரிங் செக்கு மாதிரி நின்றது, பெல்ட் கீச்சிட்டது, பம்ப் முனகியது, என்ஜின் அணையப்போகிற மாதிரி திணறியது. ஒரு மாதத்தில் ஆயில் கறுத்துக் கருகிய வாடை.

ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் வைத்தால் பிரஷர் ஏறும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். வைத்தோம். மூன்றாவது வாரம் திற்பரப்பு போகிற வழியில் பிரஷர் ஓஸ் கிழிந்து பானெட்டுக்கு அடியெல்லாம் ஆயில் அபிஷேகம். பழைய ஓஸுக்கு அவ்வளவு பிரஷர் தாங்காது என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும், கோணம் பாலிடெக்னிக்கில் அத்தனை நாள் பெஞ்ச் தேய்த்தவன்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயிலின் அழுத்தமான பிரஷர் வேறு, நிமிஷத்துக்கு எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்கிற ஃப்ளோ வேறு. டயரைத் திருப்பும் பலம் பிரஷரிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது ஃப்ளோவைப் பொறுத்தது. வண்டியை நிறுத்தி ஐட்லிங்கில் வைத்து மெதுவாகத் திருப்பிப் பார். மெதுவாகத் திருப்பும்போது லேசாக இருந்து, வேகமாகத் திருப்பினால் மட்டும் பிடித்துக்கொண்டால் ஃப்ளோ போதவில்லை. மெதுவாகத் திருப்பினாலும் கல் மாதிரி இருந்தால் பிரஷர் குறை, இல்லாவிட்டால் பெல்ட் வழுக்குகிறது. எனக்கு ஃப்ளோதான் குறை என்று ரொம்பத் தாமதமாகப் புரிந்தது. ஒரு சுற்றுக்கு 10 சிசி தள்ளும் பம்ப் 800 சுற்றில் நிமிஷத்துக்கு 8 லிட்டர் தரும், 13 சிசி என்றால் 10 லிட்டருக்கு மேல். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த இரண்டு லிட்டர்தான் கையில் தெரியும். பம்ப்பில் பெல்ட் ஓடும் புல்லியைச் சின்னதாக்கியும் இதைச் சாதிக்கலாம், ஆனால் ரோட்டில் என்ஜின் சுற்று ஏறும்போது பம்ப் அதைவிட வேகமாகச் சுற்றிச் சூடாகிச் சாகும். நான் பெரிய வண்டியின் பம்ப் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து, லேத்தில் பிராக்கெட் அடித்து மாட்டினேன்.

வடசேரியில் ஒற்றை விரலால் திருப்பினேன், மக்கா! அந்தச் சந்தோஷம் ஆரல்வாய்மொழி வரைக்கும்தான். ஆடிக் காற்று உனக்குத் தெரியும், காற்றாலைக்காரர்கள் கும்பிடுகிற காற்று. கணவாயில் பக்கவாட்டில் அடித்தபோது ஸ்டீயரிங்கில் பிடிமானமே இல்லை, பட்டம் விடுகிற மாதிரி வண்டி அலைந்தது. காரணம் என்னவென்றால், பம்ப்புக்குள் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு ஒன்று உண்டு, சுற்று ஏறியதும் மிச்ச ஆயிலைத் திருப்பி விடுவது அதன் வேலை. பெரிய வண்டியின் வால்வு அந்த வண்டிக்குத் தேவையான அளவை விட்டுவிட்டுத்தான் திருப்பும். நம் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அது அதிகம். வால்வின் துளையைச் சின்னதாக்கிய பிறகுதான் ரோட்டில் ஒரு கனம் வந்தது.

இன்னும் கேள். ஆறு மாதத்தில், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட் ஜாயின்ட் இரண்டும் ஆடிவிட்டன. முன்பு கல்லில் முட்டினால் கை வலிக்கும், நானே மெதுவாகப் போவேன். பம்ப் வந்ததும் அந்த வலி கைக்கு வராமல் நேரே ஜாயின்ட்டுக்குப் போனது. அப்போதுதான் அந்த ரிம்மின்மேல் சந்தேகம் வந்தது. டயர் எந்த அச்சில் திரும்புகிறதோ அதைவிட்டு வெளியே தள்ளி வைத்தால், அது நின்ற இடத்தில் திரும்பாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு நகரும். நெம்புகோலின் நீளத்தை நானே காசு கொடுத்துக் கூட்டியிருக்கிறேன்! ரிம்மைப் பழையபடி உள்வாங்கிய 7 இன்ச் அகல ரிம்முக்கு மாற்றினேன். பாதிக் கனம் அங்கேயே போய்விட்டது. முழுசாக ஒடித்தால் உள்ளே உரசுகிறது, அதனால் சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுக்கும் லாக் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்திருக்கிறேன். யூ டர்ன் எடுக்க இப்போது இன்னும் இடம் வேண்டும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகிறது, அதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நீ முதலில் ரிம்மைப் பார், காற்றைப் பார். மணலுக்காகக் காற்றை இறக்கினால் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்று, பாதிக் குறை அதில் போகும். பம்ப் கடைசி. உங்கள் ஊர் வெயிலுக்கு, ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனில் ஒரு சின்ன கூலர் மட்டும் கட்டாயம் வை, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே, ஆயில் கொதிக்கும். ஸ்டீயரிங் ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுக்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி, என்ஜினை அணைத்துவிட்டு, டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு இருபது தடவையாவது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்பு. நான் அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணி நுரை பொங்க விட்டேன். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் விசாரித்துக்கொள். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று. நான் அதை டயர் மாட்டிய பிறகுதான் படித்தேன், எப்போதும் போல.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், மரச்சீனியும் மீன்குழம்பும் என்றால் நீ எத்தனை தட்டு தின்பாய் என்று மருமகளுக்குக் கதை சொல்கிறாள். மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு பாதி நாள் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? வரும்போது ரிட்டர்ன் லைனுக்கு ஆயில் தாங்குகிற ஓஸ் இரண்டு மீட்டர் வாங்கி வா, தண்ணி ஓஸைக் கொண்டுவந்துவிடாதே.

உன் பழைய பெஞ்ச் கூட்டுக்காரன்