ஓர்வியத்தோவில் வண்டியை மறித்த பெரியவருக்கு

போன அக்டோபரில் இத்தாலியின் ஓர்வியத்தோவில் வாடகைக் கார் எடுத்தோம். ஊர் பாறைக்கு மேல், ரயில் நிலையம் அடிவாரத்தில். கிடைத்தது கியர் வண்டி. நம்மூர்ப் பழக்கத்தில் கியரைத் தேடி இடது கை கதவில் போய் இடிக்கும். பின்னால் அம்மா ஒவ்வொரு முறையும் 'முருகா' என்பார்.

எப்படியோ மேலேறி ஒரு குறுகிய தெருவில் திரும்பப் போனேன். பலகையில் 'வார்கோ அத்திவோ' என்றிருந்தது. திறந்திருக்கிறது, போகலாம் என்று நினைத்துவிட்டேன். அப்போதுதான் கையில் ரொட்டிப் பையோடு நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள், ஐயா. கம்பத்தில் இருந்த கேமராவைக் காட்டினீர்கள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினீர்கள். அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். கேமரா வேலை செய்கிறது, அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது என்பதுதான் அந்தப் பலகையாம். அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும், வாடகை நிறுவனமும் தனிக் கட்டணம் பிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி என்னை ரிவர்ஸ் எடுக்க வைத்தீர்கள். சரி, அதோடு போயிருக்கலாம். முன் சீட்டில் ஏறி, காம்போ தெல்லா ஃபியேரா பார்க்கிங் வரை வந்து, ஊருக்குள் ஏறும் எஸ்கலேட்டரையும் காட்டினீர்கள். அம்மா நீட்டிய முறுக்கில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி ஐயா. அந்த ஊர்ப் பக்கம் இருக்கும் தமிழர் யாராவது இதை அவரிடம் சொன்னால், முறுக்கு ஒரு டப்பாவே அனுப்ப அம்மா தயார்.