பழைய வீடுகளை விற்றுத் தரும் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரகர்களே,

சிறிய, பழைய தனி வீடு ஒன்று விற்பனைக்கு வந்ததும் உரிமையாளருக்கு நீங்கள் சொல்லும் முதல் யோசனை, "பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள், நல்ல விலை போகும்" என்பதுதான். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

பழைய வீட்டுச் சுவர் பலவும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதத்தை அது உறிஞ்சும். காற்றுப் பட்டால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலும் ஏறுகிறது. நாளடைவில் பெயின்ட் கொப்பளிக்கிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது, விரல் பட்டாலே காரை பொடியாக உதிர்கிறது. அதைப் பார்த்துக் கலங்குவது, கடன் வாங்கிக் குடிவந்த குடும்பம்.

விரிசலும் அப்படித்தான். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலால் பெரும்பாலும் ஆபத்தில்லை. செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறி, போகப்போக அகலும் விரிசல், அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டையும் பட்டி ஒன்றுபோல மூடிவிடுகிறது. வாங்குபவருடன் வரும் பொறியாளர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்?

இன்னொன்றும் எனக்குக் கவலை தருகிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். புதிது அடிப்பதற்காக அதை உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூசு வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், ஈயப் பெயின்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். அங்கே அது சட்டம். சட்டம் இல்லாத இடங்களில் நீங்களே சொல்லலாமே.

இப்படி மூடி மறைப்பதால்தான் பழைய வீடு என்றாலே பலர் அஞ்சுகிறார்கள். கடைசியில் மனைக்காக மட்டும் வாங்குபவர் வந்து, இன்னும் ஒரு தலைமுறை தாங்கக்கூடிய கட்டடத்தையும் இடித்துவிடுகிறார்.

வீட்டை உள்ளபடியே காட்டுங்கள். பரணில் ஏறிக் கூரை மரத்தைத் தட்டிப் பார்க்க விடுங்கள். மின்பலகையைத் திறந்து, எர்த் இணைப்பு இருக்கிறதா என்று காட்டுங்கள். இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள்; உள்ளே துருவடைத்த இரும்புக் குழாய் என்றால் தண்ணீர் மெலிவதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயின்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து அறிக்கை வாங்கி, பத்திர நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். குறையைக் கழித்துக்கொண்டு விலை பேச நாங்கள் தயார்.

இப்படிக்கு,
குடியிருக்கப் பழைய வீடு தேடும் ஒருவர்