மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். புதிய கல்வியாண்டு தொடங்கவிருக்கும் இவ்வேளையில், நம் கல்லூரிகளில் உயிரியல் நடத்தப்படும் முறை குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில சொல்ல விரும்புகிறேன்.

பணியின் பிற்பகுதியில், ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். ஒரு தேங்காயிலிருந்து முளைத்த தென்னம்பிள்ளை பல நூறு கிலோ எடையுள்ள மரமாகிறதே, அந்த எடை எங்கிருந்து வந்தது? காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தாவரம் சர்க்கரையாக மாற்றும் கால்வின் சுழற்சியை அம்புக்குறி பிசகாமல் வரையக்கூடிய மாணவர்கள், அதிலும் தென்னந்தோப்பும் மஞ்சள் காடும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள், மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் வந்தது என்றே எழுதினார்கள். காற்று என்று எழுதியவர் மிகச் சிலர்.

விடையை நான் உடனே சொல்வதில்லை. பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வான் ஹெல்மாண்ட் ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்ததையும், மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்க மண்ணில் 60 கிராம்கூடக் குறையாததையும் (1648-இல் வெளிவந்த செய்தி இது) கூறிவிட்டு, அருகிலிருப்பவரோடு பேசி மீண்டும் எழுதச் சொல்வேன். ஒருமுறை, "அப்ப அத்தனையும் தண்ணிதானுங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார், ஹெல்மாண்டும் அந்த முடிவுக்கே வந்தார். ஆனால் பின்வரிசை மாணவர் ஒருவர், "காஞ்ச மட்டைய எரிச்சா கரி வருதுங்களே, தண்ணியில ஏதுங்க கரி?" என்று மறுத்தார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் வகுப்பு கரியமில வாயுவைத் தேடத் தொடங்கியது. அன்று நான் கரும்பலகையில் வரைந்த சுழற்சி, அவர்களே கேட்ட கேள்விக்கு விடையாக அமைந்தது. முதல் பத்து ஆண்டுகள் குறிப்புச் சொல்லி எழுதவைத்தே பாடம் நடத்திய எனக்கு, இந்த வேறுபாடு இன்றும் வருத்தத்தைத் தருகிறது.

உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் செல்சவ்வின் வழியே நீர் செல்லும் சவ்வூடு பரவலும் இப்படித்தான். உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் இட்டு எடை பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதும் மாணவர்களுக்கு, நொய்யல் ஆறு அதே பாடத்தின் பெரிய சோதனைக்களம் என்று நாம் காட்டுவதில்லை. சாயக்கழிவின் உப்பு ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும் இங்குள்ளவர்கள் அறிந்தவையே. மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் ஏன் வாடுகிறது என்பதை வேரின் செல்லிலிருந்து விளக்க முடிந்தால்தான் அந்தப் பாடம் புரிந்ததாகும்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, மாணவர்கள் பங்கேற்கும் வகுப்புகளைவிட விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்புகளில் தோல்வியுறும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று காட்டியது.

அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதற்கு நேரமேது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பது நியாயமே. எனினும் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் போதும். ஆய்வகமோ கருவியோ தேவையில்லை. உண்மையான தடை வினாத்தாள்தான். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தவருக்கே முழு மதிப்பெண் கிடைக்கும்வரை, யோசித்துப் பார்க்குமாறு கேட்கும் ஆசிரியரை மாணவர்கள் நேரத்தை வீணாக்குபவராகவே கருதுவார்கள். அதற்காக அவர்களைக் குறைகூறவும் இயலாது.

ஆகவே, "சவ்வூடு பரவல் என்றால் என்ன?" என்பதோடு நிறுத்தாமல், உப்பேறிய கிணற்று நீர் பாய்ந்த தோட்டத்தில் பயிர் வாடும் காரணத்தை விளக்கச் சொல்லும் வினா போன்ற ஒன்றையேனும், வரும் பருவத் தேர்விலிருந்து ஒவ்வொரு உயிரியல் வினாத்தாளிலும் கட்டாயமாக்குமாறு பாடத்திட்டக் குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.