குக்கீ லாட்டேயும் ‘தேவையான அளவு’ம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘வீட்டிலேயே குக்கீ லாட்டே’ என்று, நுரைத்த பால் சேர்த்த காபிக்கு ஒரு செய்முறை வந்திருந்தது. அரைப் பக்கம். அதில் முக்கால்வாசி படம்தான்: உயரமான கண்ணாடிக் குவளை, மேலே மெத்தென்று நுரை, நுரையில் சாய்ந்தபடி ஒரு குக்கீ. என் பேத்தி அதைக் கத்தரித்து எடுத்து வந்து, “பாட்டி, இன்னைக்கே செஞ்சு பார்க்கணும்” என்று நின்றாள். செய்தோம். அதன் விளைவுதான் இந்தக் கடிதம்.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உப்புகளை நிறுத்துப் பொட்டலம் போடுவதும், கரைசல் தயாரிப்பதும், உடைந்த பிப்பெட்டுக்குக் கணக்கு எழுதுவதும்தான் என் வேலை. அங்கே ஒரு மாணவனிடம் ‘அமிலம் தேவையான அளவு ஊற்று’ என்று நான் சொல்லியிருந்தால், அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் செய்முறையில் பால் தேவையான அளவு, பழுப்புச் சர்க்கரை ருசிக்கேற்ப, குக்கீ சில, காபி கொஞ்சம் ஸ்ட்ராங்காக. எண் என்று இருந்தது ஒன்றே ஒன்று: ‘சிரப் 3 மேசைக்கரண்டி’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் முயற்சியில், நீங்கள் எழுதியிருந்தபடியே பாலில் பழுப்புச் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் கொதிக்க விட்டேன். நான்கே நிமிடம். பால் திரிந்து, ஓரத்தில் சின்னச் சின்னத் துணுக்குகளாக ஒதுங்கியது. பால் பழசு என்று பேத்தி சொன்னாள். அதே பாலில் இன்னொரு குவளையைச் சர்க்கரை இல்லாமல் காய்ச்சிக் காட்டினேன்; அது நன்றாகவே இருந்தது. பழுப்புச் சர்க்கரையின் நிறமும் வாசமும் அதில் ஒட்டியிருக்கும் மொலாசஸ் என்ற கரும்புக் கசடுப் பாகிலிருந்து வருகின்றன. அந்த மொலாசஸுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. அமிலமும் கொதிநிலையும் ஒன்று சேர்ந்தால் பாலின் கேசின் புரதம் பொறுத்துக்கொள்ளாது. சர்க்கரையைப் பாலோடு கொதிக்க விடாமல், தனியாகத் தண்ணீரில் பாகாக்கிக் காபியில் கலந்துவிட்டு, பாலைக் கடைசியில் ஊற்றினால் இந்தத் தொல்லை வராது. ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கக்கூடிய விஷயம்.

இரண்டாவது முயற்சி இன்னும் மோசம். ‘குக்கீகளைப் பொடித்துச் சூடான பாலில் சேர்த்து, கெட்டியாகும் வரை கிளறவும்’ என்று இருந்தது. கிளறினோம். கெட்டியானது. கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியானது. “இது லாட்டே இல்ல பாட்டி, பசை” என்றாள் பேத்தி. அவள் சொன்னது கிண்டல் மட்டும் இல்லை, வேதியியல் உண்மையும்தான். குக்கீ மாவில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் அடுப்பில் வெந்து வந்த பிறகும் அதிலுள்ள மாவுச்சத்து பெரும்பாலும் வீங்காமலே இருக்கிறது. கொதிக்கும் பாலில் விழுந்ததும் அதற்கு வேண்டிய ஈரமும் சூடும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. அப்புறம் என்ன, காகிதம் ஒட்டக் காய்ச்சும் பசையில் நடப்பதுதான் குவளையிலும் நடக்கும்.

இதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? குக்கீ வாசம் என்று நாம் சொல்வது எது என்று யோசித்தேன். ஒரு குக்கீயை எடுத்து மோந்து பார்த்தால் வெண்ணெய் வறுபட்ட மணம், சர்க்கரை கருகப் போவதற்குச் சற்று முந்தைய மணம், வெனிலா, அடியில் ஒரு துளி உப்பு. மாவின் பங்கு மிகக் கொஞ்சம். அப்படியானால் குக்கீயைக் கரைப்பானேன்? வாசத்தை மட்டும் ஒரு பாகில் எடுத்துக்கொண்டால் போதாதா?

வெண்ணெயை வறுப்பதைப் பார்த்திராதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 30 கிராம் உப்பில்லாத வெண்ணெய். உட்புறம் வெளிர் நிறமாக உள்ள வாணலியில் போட்டால்தான் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வாணலியில் தெரியாது. மிதமான தீ. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். உருகியதும் முதலில் அதுதான் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆவியாகும். அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் போய்விட்டதால் இனி சூடு வேகமாக ஏறும். மேலே மெல்லிய நுரை படரும். கரண்டியால் நுரையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கிடந்த பால் துகள்கள் முதலில் வைக்கோல் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். அதோடு கொட்டைகள் வறுத்த மணம் எழும். அந்த நொடியில் இறக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். தீயை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாணலியின் சூட்டிலேயே அடுத்த அரை நிமிடத்தில் கறுத்துவிடும். நான் இரண்டு முறை கறுக்கவிட்டேன். ஒரு முறை தொலைபேசி, ஒரு முறை பேத்தி.

இந்த நிறமாற்றத்தை 1912இல் விவரித்தவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பாவதைக் கண்டு எழுதினார். வறுத்த காபிக்கொட்டையின் வாசத்திலும், குக்கீயின் பொன்னிற ஓரத்திலும், வாணலியில் கிடக்கும் அந்தச் செம்பழுப்புத் துகள்களிலும் இருப்பது அவர் பெயரில் வழங்கும் அதே வினைதான். காபியும் குக்கீயும் ஒன்றோடொன்று இவ்வளவு இணங்கிப்போவது எதனால் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, பாகுக்கு வருகிறேன். வறுத்த வெண்ணெயை ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். நான் ஆறவிடாமல் தண்ணீரை ஊற்றினேன். தெறித்து, இடது மணிக்கட்டில் மிளகளவு கொப்புளம். ஆய்வகத்தில் 31 ஆண்டுகளில் வாங்காத காயம். ஆறியதும் 100 கிராம் தண்ணீர், 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, 1 கிராம் உப்பு சேர்த்து மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்க விடலாம். உப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது கசப்பை அடக்கும், பாகு உப்புக் கரிக்காது. இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ். கொதிக்கும்போது ஊற்றினால் வாசம் சமையலறை முழுக்க நிறையும், பாகில் தங்காது.

இப்போது பார்த்தால் பாகின் மேல் வெண்ணெய் எண்ணெயாக மிதக்கும். இதை அப்படியே காபியில் விட்டால் குவளையின் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக மினுங்கும், நுரையையும் கெடுக்கும். மூடி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் கொழுப்பு உறைந்து ஒரு வட்டத் தட்டாக மேலே நிற்கும். கத்தி முனையால் நெம்பினால் முழுசாக வந்துவிடும். பிரிபுனலில் எண்ணெயையும் நீரையும் பிரித்தவளுக்கு இதைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம். கொழுப்பு வெளியேறினாலும் வாசத்தில் நல்ல பங்கு பாகிலேயே தங்கிவிடும். அந்தத் தட்டை எறிய வேண்டாம், ரொட்டியில் தடவலாம். அடியில் கிடக்கும் பழுப்புத் துகள்களையும் நான் வடிகட்டுவதில்லை. புட்டியைக் குலுக்கி ஊற்றிக்கொள்வேன். பால் துகள் இருப்பதால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

காபியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்பிரெசோ இயந்திரம் உள்ளவர்கள் 18 கிராம் தூளில் 36 கிராம் இறக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோகா பாட்தான். அதுவும் இல்லையென்றால் இரண்டு தேக்கரண்டி உடனடிக் காபித்தூளை 60 மில்லி வெந்நீரில் கரைத்தாலும் குக்கீ வாசம் கைவிடாது. காபி அறிந்தவர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

பாலில் மட்டும் கவனம் தேவை. ஒரு குவளைக்கு 150 மில்லி. 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாடை வந்து வெனிலாவை அமுக்கிவிடும். உங்கள் செய்முறை, பாலை ‘பொங்க விட்டு’, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, இறுக மூடிக் குலுக்கச் சொல்கிறது. தயவுசெய்து இதற்காவது ஒரு திருத்தம் போடுங்கள். கொதிக்கும் திரவத்தை மூடிய கண்ணாடியில் குலுக்கினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறும். மூடி பிய்த்துக்கொண்டு வந்தால் முகத்தில்தான் தெறிக்கும். புட்டிதான் வேண்டுமென்றால் குளிர்ந்த பாலை மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் ஊற்றிக் குலுக்கி, மூடியைக் கழற்றிவிட்டு, மைக்ரோவேவில் அரை நிமிடம் வைக்கலாம். நுரை மேலெழுந்து நிற்கும். பிரெஞ்சு பிரஸ் (கம்பியில் வலைத்தட்டு பொருத்திய காபிக் குவளை) இருந்தால் இன்னும் சுலபம்: சூடான பாலை மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, கம்பியை இருபது முறை மேலும் கீழும் அடித்தால் போதும். பெரிய குமிழிகளை உடைக்கப் பாத்திரத்தை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சுழற்றிவிட்டு ஊற்றுங்கள்.

குவளையில் முதலில் பாகு, அதன்மேல் காபி; கலக்கிவிட்டு, கடைசியில் பால். குக்கீயை நான் முழுசாகப் பக்கத்தில் வைக்கிறேன். பேத்திக்கு அரைத் தேக்கரண்டி தூள் நுரைமேல் தூவ வேண்டும். குடிக்கும் நொடியில் தூவினால் மொறுமொறுப்பு இருக்கும், முன்னாலேயே தூவினால் ஊறிவிடும்.

இனி அந்த 3 மேசைக்கரண்டி சிரப். மேலே சொன்ன பாகில் எடை சரிபாதி சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி பாகை நிறுத்துப் பார்த்தேன்: சுமார் 18 கிராம். ஆக, 9 கிராம் சர்க்கரை. மூன்று கரண்டியில் 27 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. உங்கள் ஒரு குவளையிலேயே அது தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் கிரீம், சாக்லேட், குக்கீ வேறு. எங்கள் வீட்டில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டோம். முதல் இரண்டு நாள் பேத்தி முணுமுணுத்தாள். பாலுக்கும் இயல்பாகவே கொஞ்சம் இனிப்பு உண்டு. பாகு குறைந்ததும் அது நாக்குக்குத் தெரியத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம்கூட ருசி சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடலாம். நான் பேனாவை எடுத்ததற்கு உண்மையான காரணம் உங்கள் குறிப்பின் கடைசி வரி: ‘பால் ஒவ்வாமை உள்ளவர்கள் ஓட்ஸ் பால் பயன்படுத்தலாம்.’ அதே செய்முறையில் வெண்ணெய் குக்கீகளைப் பொடித்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். வெண்ணெயில் பால் புரதம் உண்டு. குவளையில் பாலை மட்டும் மாற்றி என்ன பயன்? பாலின் இயல்பான சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, பால் புரதத்துக்கு ஒவ்வாமை இருப்பது வேறு. பின்னதில் சிறு அளவுகூடச் சிலருக்கு மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும். என் பாகையும் அவர்கள் தொடக்கூடாது. அவர்களுக்காகச் செய்யும்போது வெண்ணெயை அறவே விட்டுவிட்டு, பழுப்புச் சர்க்கரை, உப்பு, வெனிலா மட்டும் வைத்துப் பாகு காய்ச்சிக்கொள்ளலாம். வாசம் பாதிதான் வரும். அதை ஓட்ஸ் பாலில் கலக்கலாம். ஓட்ஸுக்கே வேகவைத்த தானிய மணம் இருப்பதால் மீதியை அது ஓரளவு ஈடுகட்டும். குவளையில் குக்கீத் தூள் கூடாது, உறையைப் படித்துப் பார்த்து வாங்கியிருந்தால் ஒழிய.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் ஒவ்வாமை பற்றிய அந்த வரிக்கும், மூடிய புட்டியில் கொதிபாலைக் குலுக்கும் வரிக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம். இனி வரும் செய்முறைகளுக்கு அளவைக் கிராமில் கொடுத்தால், என்னைப் போல் சமையலறைத் தராசு வைத்திருப்பவர்கள் பிழைத்துக்கொள்வோம்.

நீங்கள் வெளியிட்ட அந்தப் பக்கம் இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ‘தேவையான அளவு’ என்று வரும் இடங்களிலெல்லாம் பேத்தி சிவப்பு மையில் அடித்து எண் எழுதியிருக்கிறாள். வேண்டுமென்றால் ஒரு பிரதி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், உங்கள் நெடுநாள் வாசகி