ஷாப்டை ஒரு இரவு ஆறவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை கணபதியில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர், பேரிங் உட்காரும் இடம் தேய்ந்த மோட்டார் ஷாப்டை (சுழலும் தண்டை) கொண்டுவந்தார். வேறெங்கோ சூடேற்றாமல் வெல்டிங் வைத்ததில், ஓரத்தில் மயிரிழை விரிசல். மனசு கேட்கவில்லை.

அந்த ஷாப்ட் ஈஎன்8 என்ற வகை எஃகு; அதில் கரி (கார்பன்) 0.4 சதவீதம் அளவுக்கு உண்டு. சட்டெனக் குளிர்ந்தால் வெல்டிங்கை ஒட்டிய இடம் இறுகி வெடிக்கும். விரிசலைக் கடைந்தெடுத்து, 200 டிகிரிக்குச் சூடாக்கி, உலர்த்திய 7018 வெல்டிங் ராடால் எதிரெதிர்ப் பக்கமாக வைத்தோம். ஒரே பக்கம் வைத்தால் ஷாப்ட் வளைந்துவிடும். மெல்ல ஆறட்டும் என்று சுண்ணாம்புத் தூளில் ராத்திரி முழுக்கப் புதைத்து வைத்தோம். அப்புறம்தான் கடைசல், கிரைண்டிங்.

தறி நின்றால் கூலி போகும், தெரியும். இருந்தாலும் பட்டறைக்காரர் ஒரு நாள் கேட்டால் கொடுங்கள்.

லேத் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.