சுண்ணாம்பு தங்கிவிடும் நிலம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஜெலுத்தோங் வீட்டை விற்பதில்லை என்று நீயும் தங்கச்சியும் முடிவெடுத்ததைப் படித்து மனம் குளிர்ந்தது. அந்த வாசல் மாமரத்தடியில் நாம் பேசித் தீர்த்த கதைகள் கொஞ்சமா? இங்கே எல்லாரும் நலம். முழங்கால் மட்டும் மழை நாட்களில் முரண்டு பிடிக்கிறது. காலையில் பசியாறிவிட்டுத் தித்திவங்சா ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். மருத்துவர் சொன்ன கணக்கில் பாதியாவது நடந்துவிடுகிறேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் இளைய மகளுக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் மேய்ச்சல் நில அறிவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உறவுக்காரர்களோ, “கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் பொட்டலில் போய் மண்ணைப் படிக்கவா இவ்வளவு செலவு?” என்கிறார்கள். என் மூத்தவள் அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் போய்த் தங்கியிருந்தவன் என்பதாலும், தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் மண் பார்த்தே தலை நரைத்தவன் என்பதாலும் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். அனுப்பு. தயங்காமல் அனுப்பு. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

லாஸ் குரூசஸ் ரியோ கிராண்டே ஆற்றோரத்து ஊர். ஆற்றுப் பாசனம் எட்டும் வரை மிளகாய் வயலும் பீக்கன் கொட்டைத் தோப்பும் பச்சைப் பசேலென்று இருக்கும். மேடேறினால் சிவாவா பாலைவனம் தொடங்கிவிடும். ஆண்டு மழை சராசரியாக 245 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். இங்கே ஒரு நவம்பர் மாதம் கொட்டுகிற மழைகூட அங்கே ஆண்டு முழுவதற்கும் இல்லை. சுற்றிலும் உள்ள மலைகளில் சில எரிமலைக் கல், சில சுண்ணாம்புக் கல். ஊருக்கு வடமேற்கே இருக்கும் ராப்லெடோ மலை சுண்ணாம்பு வகை. அதன் உச்சியில் ஒரு சாண் மண்கூட இருக்காது. அதற்குக் கீழே நேராகப் பாறைதான். அங்கிருந்து உடைந்து உருண்டு வந்த சரளை, அடிவாரத்தில் விசிறி விரித்தாற்போலப் பரவிக் கிடக்கிறது. உறவுக்காரர்கள் பொட்டல் என்று சொல்வது இதைத்தான்.

ஒருநாள் மகளோடு ஓர் ஓடைக்குள் இறங்கினேன். அங்கே ஓடை என்றால் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் இருக்கும். வெள்ளம் அறுத்துப் போன கரையில் மண்ணின் அடுக்குகள் அப்படியே தெரிந்தன. மேலே சரளை கலந்த வெளிர் பழுப்பு மண். முழங்கால் ஆழத்தில் இருந்த ஒரு கூழாங்கல்லை அசைத்து அசைத்து உருவினேன். அதன் மேல்பக்கம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பக்கத்தில் இருந்த கற்களைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தில்தான் வெள்ளை. மழைநீர் கசிந்து இறங்கும்போது கல்லின் அடியில் கொஞ்ச நேரம் தொங்கி நிற்கும், அங்கேயே வற்றும், சுமந்து வந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிடும். இன்னும் கீழே போகப் போகப் பொருக்குகள் தடித்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்து, கடைசியில் காரை போட்ட தளம் போல ஒரே பாளமாகக் கிடந்தது. நம் தாத்தாமார் திருநெல்வேலிச் சீமையைப் பற்றிப் பேசும்போது சொல்வார்களே சுக்கான் பாறை, அந்த வகைதான். மகள் வீட்டிலிருந்து கொண்டு வந்த வினிகரைச் சில சொட்டு விட்டாள். மண் நுரைத்துப் பொங்கியது. என் பணிக்காலம் முழுக்க இந்த நாட்டுத் தோட்டத்து மண்ணில் அமிலம் விட்டு அப்படிப் பொங்கிப் பார்த்ததே இல்லை.

இந்தப் பாளம் ஒரே நாளில் வருவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் மண் ஆய்வாளர் லேலண்ட் கைல் அதே லாஸ் குரூசஸ் வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காகக் குழி தோண்டிப் பார்த்தவர். அவரும் இரண்டு சகாக்களும் 1966-இல் இந்தச் சுண்ணாம்புச் சேர்மானத்தை நான்கு படிகளாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் கல்லில் ஆங்காங்கே மெல்லிய பூச்சு. அடுத்து முழுப் பூச்சு. பிறகு இடைவெளிகள் அடைபடுவது. கடைசியில் அடைபட்ட பாளத்தின் மேல் தண்ணீர் தேங்கித் தேங்கிப் படியும் மெல்லிய ஏடுகள். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சரளை மண் மற்ற மண்ணைவிட விரைவில் அடைபடும். கல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நிரப்ப வேண்டிய இடைவெளி குறைவு, அவ்வளவுதான். அதைவிட வியப்பான செய்தி, எரிமலைக் கல் மலையின் அடிவாரத்திலும் இதே வெள்ளைப் படிவு இருக்கிறது. அந்தப் பாறையில் சுண்ணாம்பு மிகக் குறைவு. காற்றில் வந்து விழும் தூசியும் மழையும்தான் அதைக் கொண்டு வந்து சேர்த்திருக்கின்றன. சுண்ணாம்பு மலையின் அடியில் இரண்டு வழியிலும் வரவு என்பதால் சேர்மானம் இன்னும் மும்முரம்.

பத்துமலையை நினைத்துப் பார். அதுவும் சுண்ணாம்புக் கல்தான். வேர்களும் மண்ணும் விடும் கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மழைநீர் கல்லைக் கரைப்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. கரைந்த சுண்ணாம்பில் கொஞ்சம் குகைக் கூரையிலிருந்து சொட்டி விழுதாகிறது, மிச்சம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. மலைக்குள் குகை, நகரத்துக்கு அடியில் பொந்து. வெள்ளநீர் சுரங்கப்பாதை தோண்டியபோது பொறியாளர்கள் பட்ட பாடு உனக்கும் தெரியும். சுண்ணாம்புப் பாறைக்கு மேலேயே கிடக்கும் மண்கூட இங்கே புளித்துப் போய் அமிலமாக இருக்கும். அங்கேயோ மழை ஒரு முழம், இரண்டு முழம் இறங்கி நின்றுவிடுகிறது. கரைந்தது வெளியே போக வழியில்லை. ஆகவே மழை வழக்கமாக எதுவரை நனைக்கிறதோ அங்கே வெள்ளை படிகிறது. ஓடைக் கரையில் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இதனால்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மழை எவ்வளவு ஆழம் போனது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற மண் அது. பினாங்கில், கருங்கல் தீவில் இருக்கும் உனக்கு இந்தக் காட்சி கிடைக்காது. எனக்கும் இந்த ஊரில் கிடைக்காது.

சரி, கல் நிறைந்த மண்ணால் என்ன பயன் என்று கேட்பாய். மண்ணியலார் கணக்கில் 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் வரையுள்ள கல் சரளை. மண்ணின் கன அளவில் அது 15 விழுக்காட்டைத் தாண்டினால் சரளை மண், 35 விழுக்காட்டைத் தாண்டினால் மிகுசரளை மண். ஒரு கணக்குப் போட்டுப் பார். 25 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மண் தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று வைத்துக்கொள். கல்லே இல்லாவிட்டால் 25 சென்டிமீட்டர் நனையும். பாதி இடத்தைக் கல் பிடித்திருந்தால் அதே மழை 50 சென்டிமீட்டர் வரை இறங்கும். நம் நாட்டில் இது குறைதான், தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். வெயில் மேல்மண்ணை வறுத்தெடுக்கும் நாட்டிலோ ஆழத்துக்குப் போன நீர்தான் பிழைக்கிற நீர். மேலே பரவியிருக்கும் கற்கள் மழைத்துளி மண்ணை அடிக்காமல் தடுக்கின்றன, ஆவியாவதையும் குறைக்கின்றன. ஈரநாட்டில் களிமண் நல்லது, வறண்ட நாட்டில் பருமண் நல்லது என்று நொய்-மெயிர் என்ற சூழலியலாளர் 1973-இல் எழுதியது இதைப் பற்றித்தான். சுக்கான் பாளத்தையும் வெறும் தடை என்று ஒதுக்கிவிட முடியாது. வேர் எளிதில் துளைக்காது என்பது உண்மைதான். ஆனால் நல்ல மழைக்குப் பிறகு அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேல்மண் காய்ந்த பின்னும் மெல்ல மெல்லப் புல்லுக்குக் கொடுக்கிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கார அமில எண் (pH) 8-ஐ ஒட்டி நிற்கும். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், இரும்புச்சத்து வேருக்கு எட்டாது. தோட்டத்தில் நாம் செம்பனைக்குக் கிறிஸ்துமஸ் தீவுப் பாஸ்பேட் பாறைத்தூளை வீசினோமே, நம் புளிப்பு மண் அதைக் கரைத்துக் கொடுத்தது. அங்கே வீசினால் கல்லோடு கல்லாகக் கிடக்கும்.

இப்போது உன் மகளின் படிப்புக்கு வருகிறேன். ஊருக்கு வடகிழக்கே ஹோர்னாடா என்ற சமவெளியில் 1912-இலிருந்து அரசு மேய்ச்சல் ஆய்வு நிலம் ஒன்று இருக்கிறது. 1858-இல் நிலம் அளந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளின்படி அந்தப் பகுதியில் பெரும்பாலும் நல்ல புல்வெளி. கறுப்புக் கிராமா என்ற புல்தான் முதன்மை. 1881-இல் ரயில் வந்தது, மாடுகள் பெருகின, வறட்சிகள் வந்தன. 1963-இல் நல்ல புல் இருந்த பரப்பு கால்வாசிக்கும் கீழே போய்விட்டது. புல் போன இடத்தில் எந்தப் புதர் வந்தது என்பதை மண்ணே தீர்மானித்திருக்கிறது. மணலில் மெஸ்கீட், அதாவது நம் சீமைக் கருவேலத்தின் உறவுக்காரன். தாழ்வான களிமண்ணில் தார்ப்புதர். சுண்ணாம்புச் சரளைச் சரிவில் கிரியோசோட் புதர். மழை பெய்தால் பாலைவனம் முழுக்க அதன் வாசனைதான். இன்னும் மேலே பாறை இடுக்குகளில் லெச்சுகீயா என்ற குட்டை ரயில் கற்றாழையும், சோட்டோல் செடியும், கோல் கோலாக நிற்கும் ஒகோட்டீயோ செடியும்.

புதர் வந்துவிட்டால் நிலத்தின் போக்கே மாறிவிடுகிறது. சத்தெல்லாம் புதரடியில் குவிகிறது, இடைவெளிகள் வெறுமையாகின்றன, நுண்மண்ணைக் காற்றும் நீரும் கொண்டுபோகக் கல் மட்டும் மிஞ்சுகிறது. வேலி போட்டு மாட்டை விலக்கிய இடங்களிலும் பல பத்தாண்டுகளாகப் புல் திரும்பாத கதை அங்கே உண்டு. எந்தச் சரிவில் புல் மீளும், எந்தச் சரிவில் மீளாது என்பதைக் கல்லின் அளவும் சுக்கானின் ஆழமும் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். பண்ணைக்காரனுக்கு இது சோற்றுப் பிரச்சினை. ராமநாதபுரத்துக்கும் தேவை, ராஜஸ்தானத்துக்கும் தேவை. உன் மகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறாள். உறவுக்காரர்களிடம் இதைச் சொல், கேட்டால் கேட்கட்டும்.

அவளுக்குச் சில சொல்ல வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள காலணி இங்கேயே வாங்கிவிடட்டும். லெச்சுகீயாவின் முனை மெல்லிய காலணியைத் துளைத்துவிடும். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், காற்றில் ஈரமே இல்லை. உதடும் மூக்கும் வெடிக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் தொலைவில் இடி கேட்டால் ஓடைக்குள் நிற்கவே கூடாது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

விசா நேர்காணலுக்கு அவள் கோலாலம்பூர் வர வேண்டியிருக்கும் அல்லவா? எதற்கு ஹோட்டல்? எங்கள் வீட்டில் தங்கட்டும், நானே தூதரகத்துக்கு அழைத்துப் போகிறேன். நீயும் கூடவே வந்தால் இன்னும் மகிழ்ச்சி. தேதி தெரிந்ததும் எழுது.

என்றும் உன் அன்புள்ள,
செந்தூல் நண்பன்